பிக்சல் பின்னணியில் இலை, மணல், பாறை: பிரஷ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக் கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் லேப்டாப்போடு உட்கார்ந்து பிக்சல் ஓவியம் பழகுகிறோம். கணினி விளையாட்டுகளுக்குப் பின்னணி வரைவது என் தொழில். வகுப்புக்கு யார் புதிதாக வந்தாலும், இலைதழை, மணல், பாறை என்று வரும்போது அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை.

பிக்சல் ஓவியம் என்றால் ஒவ்வொரு புள்ளியாக வைப்பதுதானே? அதற்கு எதற்கு அக்கா பிரஷ்?

32×32 அளவில் ஒரு பூனை வரைகிறீர்கள் என்றால் மொத்தம் 1,024 கட்டங்கள். ஒவ்வொன்றாகவே வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் 320×180 அளவுள்ள பின்னணியில் 57,600 கட்டங்கள் இருக்கின்றன. அதில் பாதி வேப்பமரமும் மண்தரையும் என்றால், புள்ளி புள்ளியாக வைத்து முடிப்பதற்குள் கை களைத்துவிடும். களைத்த கை ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போடும்.

இங்கே பிரஷ் என்று நான் சொல்வது, நாமே அடுக்கி வைத்த சில பிக்சல்களின் கொத்து. ஒரு சொடுக்கில் அந்தக் கொத்து முழுவதும் விழும். இது புதிய வித்தையும் இல்லை. 1985இல் அமிகா கணினிக்காக டான் சில்வா எழுதிய டீலக்ஸ் பெயின்ட் மென்பொருளிலேயே படத்தின் ஒரு துண்டை வெட்டி அதையே பிரஷாகப் பயன்படுத்த முடிந்தது.

பணம் கொடுத்து வாங்க முடியாது. இலவசமாக எதில் செய்யலாம்?

லிப்ரஸ்பிரைட், கிரிட்டா, கிம்ப் மூன்றும் இலவசம். லிப்ரஸ்பிரைட் என்பது ஏஸ்பிரைட் என்ற பிக்சல் ஓவிய மென்பொருளின் பழைய திறந்த மூலப் பதிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்தது. ஏஸ்பிரைட் விலைக்கு விற்கப்படுகிறது. ஆனால் அதன் மூல நிரலை இறக்கி, சொந்தப் பயன்பாட்டுக்கு நீங்களே கம்பைல் செய்து இயங்கும் மென்பொருளாக்கிக்கொள்ள அனுமதி உண்டு. கணினிப் பொறியியல் படிக்கும் தம்பி தங்கை வீட்டில் இருந்தால் ஒரு மாலைப் பொழுது போதும்.

போனில் மட்டும்தான் வரைய முடியும் என்கிறவர்களும் தயங்க வேண்டாம். பிக்சல் ஓவியச் செயலிகளில் தேர்ந்தெடுத்து நகலெடுத்து ஒட்டும் வசதி பொதுவாக இருக்கும். கொத்தை நகலெடுத்து ஒட்டுவதும் பிரஷால் குத்துவதும் ஒரே வேலைதான். கொஞ்சம் நேரம் கூடுதலாகும், அவ்வளவே.

நான் வரையும் கோட்டின் ஓரமெல்லாம் மங்கலாக, புகை படிந்ததுபோல் வருகிறது. ஏன்?

ஆன்டி-அலையாசிங். வளைவை வழவழப்பாகக் காட்டுவதற்காக ஓரத்தில் அரைகுறை நிறங்களை மென்பொருள் தானாகவே சேர்க்கிறது. நமக்கு அது வேண்டாம். போட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் பிரஷ் கருவியை விட்டுவிட்டுப் பென்சில் கருவியை எடுங்கள். கிரிட்டாவில் பிக்சல் ஆர்ட் என்ற பெயரிலேயே பிரஷ் இருக்கிறது. வேறு பிரஷ் என்றால், அதன் முனை அமைப்பில் ஆன்டி-அலையாசிங்கை அணைத்துவிடுங்கள். பேனா டேப்லெட் வைத்திருப்பவர்கள், அழுத்தத்துக்கு ஏற்ப நிறம் வெளிறும் அமைப்பையும் நிறுத்த வேண்டும். அளவும் நிறமும் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால்தான் வண்ணத்தட்டு பதினாறு நிறத்தோடு நிற்கும். இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாமலேயே நூற்றுக்கணக்கான நிறங்கள் புகுந்துவிடும்.

பின்னணியை எந்த அளவில் தொடங்குவது?

320×180. அதை ஆறு மடங்காக்கினால் 1920×1080, நான்கு மடங்காக்கினால் 1280×720. இரண்டும் மிச்சமில்லாமல் பொருந்தும். பழைய கையடக்கக் கருவியின் தோற்றம் வேண்டும் என்றால் கேம்பாய் திரையின் 160×144 அளவில் நான்கே சாயல்களோடு வரைந்து பாருங்கள். இலை, மணல், பாறை ஆகியவற்றின் மேற்பரப்பு அமைப்பை எப்படிச் சுருக்கிச் சொல்வது என்று பழக அதைவிடக் கறாரான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இலைக்கொத்து பிரஷை எப்படிச் செய்வது? எனக்கு ஒவ்வொரு முறையும் காலிஃபிளவர் போல வருகிறது.

எல்லோருக்கும் முதலில் காலிஃபிளவர்தான் வரும். காரணம், இலையைப் பார்க்காமல் "மரம்" என்ற எண்ணத்தை வரைகிறோம். எங்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டு வேம்பு தெரியும். அதைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கச் சொல்வேன். தனி இலை எதுவும் தெரியாது. கிளை நுனியில் கொத்து கொத்தாக, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்து தொங்கும் சிறு கீற்றுகள் தெரியும். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே வானம் பொத்தல் பொத்தலாகத் தெரியும். அந்தச் சரிவும் பொத்தல்களும் சேர்ந்துதான் வேம்பு.

இப்போது 9 பிக்சல் அகலம், 6 பிக்சல் உயரம் கொண்ட ஒரு சிறு இடத்தில் வேலை செய்யுங்கள். நடுவில் மேலே இரண்டு பிக்சல் படுக்கையாக. அதன் இரு பக்கமும் இரண்டு மூன்று பிக்சல் நீளத்தில் கீழ்நோக்கிச் சரியும் கீற்றுகள். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு. சமமாக வைத்தால் பொம்மை மரமாகிவிடும். கீற்றுகளுக்கு நடுவே ஒரு பிக்சல் இடைவெளி. கடைசியாக, கொத்தைவிட்டு ஒரு கட்டம் தள்ளி அநாதையாக ஒரே ஒரு பிக்சல். மொத்தம் ஏறக்குறைய பதினைந்து பிக்சல்தான் வரும். ஏஸ்பிரைட்டிலும் லிப்ரஸ்பிரைட்டிலும் இதைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலோடு பி விசையை அழுத்தினால் பிரஷ் தயார். பிறகு வண்ணத்தட்டில் வேறு நிறத்தைத் தொட்டால் கொத்தும் அந்த நிறத்துக்கு மாறிவிடும்.

மரத்தை அடர்ந்த நிறத்திலிருந்து தொடங்குங்கள். நீலம் கலந்த கரும்பச்சையில் மொத்த உருவத்தையும் குத்தி நிரப்பி, அதன்மேல் நடுப்பச்சையைக் கொத்துகளின் மேற்பகுதியில் மட்டும், கடைசியாக மஞ்சள் கலந்த பச்சையை இன்னும் குறைவான இடங்களில். நான்காவதாக ஒரு நிறம் சேர்க்க ஆசையாக இருந்தால், மாசி பங்குனியில் வேம்பு புதுத்தளிர் விடும்போது வரும் செம்பு நிறத்தை நுனிகளில் வையுங்கள். இழுத்துத் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு கொத்தும் ஒரு சொடுக்கு. இழுத்தால் கொத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நீங்கள் பாடுபட்டு விட்ட இடைவெளிகள் எல்லாம் அடைந்துபோகும்.

அப்படியே செய்தேன் அக்கா. ஆனால் அச்சு குத்தியதுபோல் தெரிகிறதே?

அச்சுதானே குத்தினீர்கள்! மயிலாப்பூர் மாடவீதியில் துளை போட்ட கோல அச்சு விற்பார்கள். மாவை நிரப்பித் தட்டினால் தாமரை விழும். ஒரு வாசலில் அழகுதான். தெருவில் பத்து வாசலிலும் அதே தாமரை, அதே இதழில் அதே கீறல் என்றால் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். பிரஷுக்கும் இதே கதைதான்.

முதல் மருந்து, ஒரு கொத்துக்குப் பதில் நான்கு கொத்துகள். ஒன்று அகலம், ஒன்று குட்டை, ஒன்று இடப்பக்கம் சரிந்தது, ஒன்று வெறும் ஐந்து பிக்சல் உதிரி. கிம்ப்பிலும் கிரிட்டாவிலும் இந்த நான்கையும் ஒரே பிரஷாகச் சேர்த்து, ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒன்றைத் தற்செயலாக எடுக்கும்படி அமைக்கலாம். ஏஸ்பிரைட்டில் நாமே மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். எனக்கு அந்த முறைதான் பிடிக்கும். எந்தக் கொத்து எங்கே என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வைக்கும்.

இரண்டாவது மருந்து கை. பிரஷ் வேலை முடிந்ததும் ஒரு பிக்சல் பென்சிலை எடுத்து மரத்தின் வெளி ஓரம் முழுவதும் ஒருமுறை நடந்து வாருங்கள். இரண்டு கொத்துகள் நேர்வரிசையில் நிற்கும் இடத்தில் ஒன்றை உடையுங்கள். வானப் பொத்தல் ஒன்றை இரண்டு பிக்சல் பெரிதாக்குங்கள். மூன்று பொத்தல்களை அடையுங்கள். பிரஷுக்குச் செலவிட்ட நேரம் இருபது நிமிடம் என்றால், இதற்கும் இருபது நிமிடம் வேண்டும். எங்கள் வகுப்பில் படம் தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் இந்த இருபது நிமிடத்தில்தான்.

மணலுக்கு டிதரிங் போட்டால் போதுமா? எங்கெல்லாம் போடலாம்?

டிதரிங் என்பது இரண்டு நிறங்களைப் புள்ளி புள்ளியாகக் கலந்து மூன்றாவது நிறம் இருப்பதாகக் கண்ணை நம்ப வைப்பது. கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது அரை நிமிடப் பாடம். இரண்டு கட்டத்துக்கு ஒன்று, இரண்டு வரிசைக்கு ஒன்று என்று நேர்ப்புள்ளி வைத்தால் நான்கில் ஒரு பங்கு நிரம்பும். அந்தப் புள்ளிகளின் சந்துகளிலும் ஒன்று வைத்து இடைப்புள்ளியாக்கினால் சரிபாதி நிரம்பும். கணினியில் இதை ஒழுங்கான கணக்காக்கித் தந்தவர் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர், 1973இல். ஏஸ்பிரைட்டில் இந்தப் புள்ளி வடிவத்தைப் பிரஷாக்கும்போது, மேலே வரும் "பேட்டர்ன் அலைன்ட் டு சோர்ஸ்" என்ற தெரிவை எடுங்கள். எத்தனை முறை கையை எடுத்து வைத்தாலும் புள்ளிகள் வரிசை பிசகாது.

ஆனால் மணல் முழுவதும் இப்படி நிரப்பினால் மணல் வராது, கொசுவலை வரும். ஒழுங்கான டிதரிங் எனக்கு வானத்துக்கும் மூடுபனிக்கும் மட்டும்தான் சரியாகப் படுகிறது. பெசன்ட் நகர்க் கடற்கரையில் காலை ஆறரை மணிக்கு நின்று பாருங்கள். அலை தொட்ட இடம் ஒரே சீரான கருமை, அங்கே எந்தப் புள்ளியும் வேண்டாம். அதற்கு மேலே காய்ந்த மணலில் காலடிகள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் வெளிச்சம் என்று இரண்டு கோடுகள்தான். நண்டு வளையைச் சுற்றி அது தோண்டியெறிந்த ஈரமணல் விசிறிபோல் சிதறிக் கிடக்கும். இன்னும் மேலே அடும்புக் கொடி. மணலை மணலாக்குவது இந்த மூன்று நான்கு சங்கதிகள். நடுவே உள்ள இடத்தைப் பெரும்பாலும் வெறுமையாக விடுங்கள். ஸ்பிரே கருவியால் அங்கங்கே பத்துப் பதினைந்து பிக்சல் தூவினால் மிச்சத்தைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

பாறை எனக்குச் சிமென்ட் மூட்டைபோல் வருகிறது.

பாறைக்கு வட்டமான கொத்து உதவாது. கோணமுள்ள சில்லுகள் வேண்டும்: 5×4 அளவில் ஒரு மூலை வெட்டுப்பட்ட சில்லு, 7×3 அளவில் நீண்ட சில்லு, இரண்டு பிக்சல் வெடிப்பு. பாறையை முதலில் மூன்று பெரிய தளங்களாகப் பிரியுங்கள்: வெயில் படும் மேல்தளம், நடுத்தளம், நிழல் தளம். சில்லுகளைத் தளங்கள் சந்திக்கும் விளிம்பில் மட்டும் குத்துங்கள். தளத்தின் நடுவில் ஒன்றிரண்டு போதும். மூட்டைபோல் தோன்றுவதற்குக் காரணம், அமைப்பை எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் பரப்புவதுதான்.

நிறம் பற்றியும் ஒரு சொல். பாறை என்றதும் பலர் பழுப்பை எடுக்கிறார்கள். பரங்கிமலை, பல்லாவரம் பகுதிக் கல்லைப் பாருங்கள், நீலம் கலந்த கருஞ்சாம்பல். அதற்குப் பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரைச் சூட்டினார். நிழலுக்கு ஊதாநீலம், நடுவில் சாம்பல், வெயிலுக்கு லேசாக மஞ்சள் படிந்த வெளிர்சாம்பல் என்று மூன்றே நிறம் எடுத்துப் பாருங்கள். நம் ஊர்க் குன்று உடனே வந்து நிற்கும்.

இணையத்தில் இறக்கிய பிரஷ்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் வரைந்தால் நம் ஊர் மாதிரி இல்லையே?

அவற்றில் பல, ஊசியிலைக் காட்டையும் ஓக் மரத்தையும் பார்த்து வளர்ந்தவர்கள் செய்தவை. அவர்கள் கண்டதை அவர்கள் நேர்மையாக வரைந்திருக்கிறார்கள். நாம் கண்டதை நாம்தான் பிரஷாக்க வேண்டும். தூங்குமூஞ்சி மரம் குடைபோல் விரிந்து அடியில் கிளைகளைக் காட்டும். பனையின் ஓலை விசிறி. தென்னைக்கு மட்டும் பிரஷே வேண்டாம். எட்டு மட்டைகளைக் கையால் வளைத்துக் கோடிழுத்து, அடிப்பக்கம் கீற்றுகளைத் தொங்க விடுவதுதான் சீக்கிரமும்கூட. அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்தின் நடுமரம் 1989 புயலில் சாய்ந்தது; விழுதுகளே மரமாக நிற்கின்றன. அதை வரைய இலைப் பிரஷைவிட, தடிமன் மாறிமாறி இறங்கும் செங்குத்துக் கோடுகளுக்கான ஒரு பிரஷ் முக்கியம்.

வெளிச்சமும் காரணம். பயிற்சிப் படங்களில் வெயில் பெரும்பாலும் இடப்பக்க மேல்மூலையிலிருந்து சாய்வாக விழும். சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். அப்போது மரத்தின் நிழல் மரத்துக்கு அடியிலேயே குளம்போல் தேங்கும். வெளிச்சக் கொத்துகளைப் பக்கவாட்டில் வைக்காமல் உச்சியில் மட்டும் வைத்து, அடிநிழலைக் கருமையாக்குங்கள். சித்திரை வெயில் படத்திலேயே சுடும்.

பிரஷைக் கொஞ்சம் சுழற்றினாலோ பெரிதாக்கினாலோ உடைந்துவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

சரிசெய்ய முடியாது; சுழற்றாதீர்கள். 15 பாகை திருப்பினால் மென்பொருள் பிக்சல்களை ஊகித்துத்தான் வைக்கும். இடவலமாகப் புரட்டலாம், 90 பாகை திருப்பலாம், இரண்டும் பாதுகாப்பானவை. ஆனால் வேப்பங்கொத்தைத் தலைகீழாக்கினால் கீற்று மேல்நோக்கி நிற்கும் என்பதை மறக்க வேண்டாம். வேறு கோணம் வேண்டும் என்றால் புதிதாக ஒரு கொத்து வரையுங்கள், பதினைந்து பிக்சல்தானே!

பெரிதாக்குவதும் அப்படியே. ஒரே படத்தில் சில பிக்சல்கள் பெரிதாகவும் சில சிறிதாகவும் இருப்பதுபோல் அசிங்கம் வேறில்லை. முழுப்படத்தையும் கடைசியில் பெரிதாக்கும்போது முழு மடங்காக, நிறங்களைக் கலக்காமல் பிக்சல்களை அப்படியே பெரிதாக்கும் "நியரஸ்ட் நெய்பர்" முறையில் மட்டும் செய்து, பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஒருமுறை என் பின்னணி ஒன்றைப் பதாகையாக அச்சிடக் கொடுத்தேன். கடையில் அவர்கள் வழக்கப்படி வழவழப்பாக்கிப் பெரிதாக்கிவிட்டார்கள். பத்தடிப் பதாகையில் என் வேப்பமரம் பாசி படிந்த சுவராக நின்றது. அன்றிலிருந்து அச்சுக்கு அனுப்பும் எதையும் நானே பெரிதாக்கித்தான் அனுப்புகிறேன்.

16×16 டைலாகச் செய்த புல்தரை, பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

டைல் என்பது தரையை நிரப்பத் திரும்பத் திரும்ப அடுக்கும் சிறு சதுரப் படம். இதில் இரண்டு வேறு குறைகள் இருக்கலாம். ஓரங்கள் ஒட்டவில்லை என்றால், ஏஸ்பிரைட்டில் டைல்டு மோடையும் கிரிட்டாவில் டபிள்யூ விசையையும் போட்டுக்கொண்டு வரையுங்கள். வலது ஓரத்தில் வெளியேறும் பிரஷ் இடது ஓரத்தில் உள்ளே வரும்.

ஓரம் சரியாக இருந்தும் கட்டம் தெரிகிறதா? அப்படியென்றால் டைலுக்குள் ஏதோ ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் ஒரே ஒரு வெளிர் பிக்சல். தனியாகப் பார்த்தால் அழகான புல்நுனி. இருபது முறை வரிசையாக வந்தால் பொத்தான் தைத்ததுபோல் இருக்கும். அடிப்படை டைலை மந்தமாக வையுங்கள். பூ, கூழாங்கல், உதிர்ந்த சருகு போன்றவற்றைத் தனி டைல்களில் செய்து, வரைபடத்தில் கையால் அங்கங்கே வையுங்கள்.

அலைக்குப் பிரஷ் உண்டா?

நுரைக்கு உண்டு: மூன்று நான்கு பிக்சல் நீளப் படுக்கைக் கீற்றுகள், நடுவே ஓட்டை. அசைவு வேண்டும் என்றால் வண்ணச் சுழற்சியைப் பழகுங்கள். படத்தை மாற்றாமல் வண்ணத்தட்டில் நான்கைந்து நீலங்களின் இடத்தை மட்டும் வரிசையாக மாற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீர் ஓடுவதாகத் தோன்றும். விளையாட்டு ஓவியர் மார்க் ஃபெராரி இந்த முறையில் வரைந்த மழையையும் அருவியையும் ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

போட்டோ எடுத்து 320×180க்குச் சுருக்கினால் வேலை முடிந்துவிடாதா?

சுருக்கிப் பாருங்கள், நானும் செய்து பார்த்ததுண்டு. எங்கும் சமமான இரைச்சல்தான் கிடைக்கும். எது முக்கியம், எது வேண்டாம் என்று கணினி முடிவெடுக்கவில்லை அல்லவா? போட்டோவைப் பக்கத்தில் வைத்து நிறங்களுக்கும் வெளிச்சத்துக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நேராகப் பிரஷ் வெட்ட வேண்டாம்.

மற்றவர் செய்த பிரஷை விற்பனைக்குப் போகும் விளையாட்டில் பயன்படுத்தலாமா?

உரிமத்தைப் படியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமங்களில் சிசி0 என்றிருந்தால் தாராளமாக. சிசி-பை என்றால் பெயர் குறிப்பிட வேண்டும். என்சி என்ற எழுத்துகள் இருந்தால் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. ஒன்றுமே எழுதவில்லை என்றால் அனுமதி இருப்பதாக எண்ணிக்கொள்ளாமல் செய்தவரிடம் கேட்டுவிடுங்கள். நீங்களே செய்த பதினைந்து பிக்சல் கொத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

எல்லாம் செய்தேன். பின்னணி தனியாக நன்றாக இருக்கிறது. ஆனால் கதாபாத்திரத்தை வைத்ததும் அது இலைதழைக்குள் தொலைந்துபோகிறது. எதை மாற்றுவது?

கேள்விகளிலேயே கடினமானது இதுதான். பிரஷ் கையில் இருக்கும் உற்சாகத்தில் எல்லா இடத்தையும் நிரப்பிவிடுகிறோம். கதாபாத்திரம் நடக்கும் தரையிலிருந்து அதன் தலைக்கு மேல் ஒரு முழம் வரையிலான பட்டையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டைக்குப் பின்னால் வரும் மரங்களில் மூன்று பச்சைக்குப் பதில் இரண்டே பச்சை, அவையும் ஒன்றுக்கொன்று நெருங்கிய பச்சைகள். தொலைவில் போகப்போக நிறம் வெளிறி வானத்தின் நீலத்தை வாங்கிக்கொள்ளும், கொத்துகளும் சிறுத்து, கடைசி வரிசையில் வெறும் நிழலுருவமாகும். அமைப்பின் செழிப்பையெல்லாம் மேல் ஓரத்துக்கும் முன்னால் தொங்கும் கிளைக்கும் ஒதுக்குங்கள்.

சோதிக்க ஒரு வழி: படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கி, திரையைவிட்டு நான்கடி பின்னால் போய் நில்லுங்கள். கதாபாத்திரம் எங்கே என்று தேட வேண்டியிருந்தால் பட்டைக்குள் இன்னும் கொத்துகளைக் கழியுங்கள். சென்ற மாதம் வகுப்பில் ஒரு பெண் கிண்டி காட்டில் நிற்கும் புள்ளிமான் ஒன்றை வரைந்திருந்தாள். மானின் புள்ளியும் இலையின் புள்ளியும் ஒன்றாகக் கலந்துவிட்டன. மானுக்குப் பின்னால் இருந்த புதரில் நாற்பது கொத்துகளை அழித்துவிட்டு ஏழை மட்டும் விட்டாள். மான் தலையைத் தூக்கிப் பார்த்தது.